அந்தக் கடன் செத்துப் பல வருஷமாச்சு

"வாங்கின காசைக் குடுக்காம எப்படிங்க வர்றது?"

செங்கல் சூளையில், அரிசி ஆலைக் களத்தில், சவுக்குத் தோப்பில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்ட ஒருவரிடம் "வாங்க, போயிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருகிற பதில் இதுவாகத்தான் இருக்கும். அடி விழுமே என்ற பயம்கூட அதற்குப் பிறகுதான் வரும். மூன்று வேளை வயிறு நிறையாதவர், காய்ச்சல் என்றாலும் மண் மிதித்தே ஆகவேண்டியவர், பெற்ற தாய் இறந்த செய்தி வந்தும் ஊருக்கு விடப்படாதவர், கொடுத்த வாக்கு தவறக்கூடாது என்று நினைக்கிறார். அந்த நேர்மையைப் பிடித்துத்தான் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். திருடியவர் நிமிர்ந்து நடக்கிறார். திருட்டுக் கொடுத்தவர் தலைகுனிந்து நிற்கிறார்!

அண்ணா, அக்கா, இந்தக் கட்டுரை உங்களுக்காக. படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1975 அக்டோபர் 25. உங்கள் பிள்ளை பிறந்த நாளை மறந்தாலும் இந்தத் தேதியை மறக்காதீர்கள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. முதலில் அவசரச் சட்டமாக வந்தது. 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று முழுச் சட்டமானது. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 9 அன்று கொத்தடிமை ஒழிப்பு நாள் என்று அரசு அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்களே, அது இதற்காகத்தான்.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்திருந்தாலும் செல்லாது, பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது, சாமி முன்னால் சத்தியம் செய்திருந்தாலும் செல்லாது. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்டு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அடகாக வாங்கி வைத்த பொருளைத் திருப்பித் தரவேண்டும். குடியிருக்கும் இடத்திலிருந்து விரட்டக் கூடாது.

இதே சட்டத்தில் 9-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உங்களுக்காகப் பேசுகிறவர்கள்கூட இதை அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. செத்துப்போன அந்தக் கடனுக்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்கினாலே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. வாங்கிய பணத்தை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நன்றாகக் கேளுங்கள். நீங்கள் கொடுக்கவேண்டியதில்லை என்பதோடு விஷயம் முடியவில்லை. அவர் கை நீட்டி வாங்கினால் அந்தக் கைக்கு விலங்கு. இப்போது சொல்லுங்கள், வாக்குத் தவறியவர் யார்?

"அது கொத்தடிமைங்களுக்கு. எங்களை யாரும் கட்டிப்போடல, நாங்களா வந்தோம், அட்வான்ஸ் வாங்கியிருக்கோம், அவ்வளவுதான்" என்பீர்கள். சங்கிலி போட்டுக் கட்டினால்தான் கொத்தடிமை என்று யாரோ உங்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சட்டத்தில் சங்கிலி என்ற பேச்சே இல்லை. முன்பணம் வாங்கியதற்காகக் கூலியே இல்லாமலோ பேருக்குக் கொஞ்சம் கூலிக்கோ வேலை செய்கிறீர்களா? வேறு இடத்துக்கு வேலைக்குப் போக விடாமல் தடுக்கிறார்களா? நினைத்த நேரத்தில் ஊருக்குப் போய்வர முடியவில்லையா? உங்கள் உழைப்பை, உங்கள் பொருளைச் சந்தை விலைக்கு விற்க முடியவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பிள்ளையைச் சூளையிலேயே விட்டுப்போகச் சொல்கிறாரே மேஸ்திரி, அந்தப் பிள்ளைதான் உங்கள் காலில் கிடக்கும் சங்கிலி.

1982-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடம் கட்டிய தொழிலாளர்களின் வழக்கு அது. நீதிபதி பகவதி சொன்ன தீர்ப்பின் சாரம் இது: குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அது கட்டாய உழைப்பு. அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. அடித்து வேலை வாங்கினால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமல் ஒருவரைத் தள்ளினால் அதுவும் கட்டாயம்தான். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் உங்கள் பசியைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது! "நீயாத்தானே வந்த?" என்று இனி யாராவது கேட்டால், ஆமாம், பசி கூட்டிவந்தது என்று சொல்லுங்கள்.

மேஸ்திரியின் நோட்டுக்கு வருவோம். அதில் ஒரு பக்கம் உங்கள் பெயர், இன்னொரு பக்கம் நீங்கள் படிக்க முடியாத எண்கள். சீசன் முடியும்போது கணக்குப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் பாக்கி. இந்தத் தடவை நாம் கணக்குப் போடுவோம். பேச்சுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். தை மாதம் சூளைக்கு வந்து ஐந்து மாதம், 150 நாள். நடுச்சாமத்தில் எழுந்து மண் மிதித்து, அச்சில் அடித்து, கல் அறுத்து, காயப்போட்டு, திருப்பிப்போட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து 300 நாள் வேலை. ஒரு நாள் கூலியைக் குறைத்து 300 ரூபாய் என்றே வைத்தாலும் 90,000 ரூபாய். வாரச் செலவுக் காசு என்று ஆயிரம் ஆயிரமாக 22 வாரம் வாங்கியது 22,000. முன்பணத்தையும் சேர்த்தால் உங்கள் கைக்கு வந்தது 52,000. மிச்சம் 38,000 ரூபாய்.

அந்த 38,000 யாருடைய பணம்? உங்களுடையது! மழையில் பச்சைக்கல் கரைந்தால் அது உங்கள் கணக்கில் வராமல் போகிறதே, அறுத்த கை உங்கள் கைதானே? எட்டு வயதுப் பிள்ளை கல்லைத் திருப்பிப் போட்டதற்கு எந்த நோட்டில் வரவு எழுதினார்கள்? நீங்கள் கடன்காரர் இல்லை. உங்களுக்குத்தான் கடன் பாக்கி இருக்கிறது.

இனி, வெளியே வருவது எப்படி என்று பார்ப்போம். ஓடிப்போவதைப் பற்றி நான் பேசவில்லை. இரவில் ஓடிப்போனவரை மறுநாளே வண்டியில் தேடிவந்து, வீட்டில் இருக்கும் தம்பியைத் தூக்கிப்போவார்கள். சட்டத்தின் வாசல் வழியாக, பகலில், தலைநிமிர்ந்து வரவேண்டும்.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு போதும். நீங்களே கொடுக்கவேண்டும் என்பதுகூட இல்லை. உறவினர், ஊர்க்காரர், தொண்டு நிறுவனம், வழக்கறிஞர் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். எழுத வராது என்றால் வாயால் சொன்னாலும் அதைப் பதிவு செய்யவேண்டும். கோட்டாட்சியர் அல்லது உதவி ஆட்சியர், வருவாய்த்துறை, தொழிலாளர் துறை, காவல்துறை ஆட்களோடு அந்த இடத்துக்கு வருவார். உங்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். முதலாளி பக்கத்தில் நின்றால், "அவரைத் தள்ளிப் போகச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அது சலுகை இல்லை, உரிமை.

ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் அப்படி ஒரு விசாரணை நடந்தபோது நான் இருந்தேன். அரிசி ஆலையிலிருந்து அழைத்துவந்த நான்கு குடும்பங்கள் வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது, யாரும் அதில் உட்காரவில்லை. ஒரு பெண்ணின் உள்ளங்கால் முழுக்க வெடிப்பு. அவித்த நெல்லைக் களத்தில் காலாலேயே தள்ளித் தள்ளிக் காயவைத்த கால்கள். அதிகாரி அவரிடம் கேட்டார், "எவ்வளவு பணம் வாங்குனீங்கம்மா?"

"தெரியாதுங்க. அவரு வாங்குனாரு."

"அவர் எங்க?"

"செத்துட்டாருங்க. மூணு வருஷமாச்சு."

செத்தவர் வாங்கிய கடனை மூன்று வருஷமாக அந்தப் பெண் காலால் அடைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு என்றுகூடத் தெரியாமல்! ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டபோது, அவர் அழவில்லை, சிரிக்கவில்லை. "அந்தக் காசு?" என்றார். "அந்தக் கடனெல்லாம் செத்துப் பல வருஷமாச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்கு முன்னாடியே செத்துப்போச்சு" என்றார் அந்த அதிகாரி. அந்தப் பெண் பக்கத்தில் இருந்த மாமியாரைப் பார்த்தார். மாமியார் எழுந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அரசாங்கத்தின் பேரில் ஒரு வார்த்தை சரியான வாயிலிருந்து வந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

விசாரணை முடிந்ததும் உங்கள் கைக்கு வரவேண்டியது விடுதலைச் சான்றிதழ். கோட்டாட்சியர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும் ஒரே ஒரு தாள். பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். "வீட்டுக்காரர் பேரில் இருந்தால் போதாதா" என்று பெண்களைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள். வேலை செய்த பிள்ளைக்கும் சான்றிதழ் உண்டு. மஞ்சள் பையில் போட்டுக் கூரையில் செருகிவைத்து மழையில் நனையவிடவேண்டாம். லேமினேட் செய்யுங்கள், நாலு நகல் எடுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒன்று கொடுத்துவையுங்கள். மேஸ்திரி திரும்பி வரும்போது காட்டவேண்டியது இந்தத் தாளைத்தான். மற்ற எல்லா உதவிக்கும் இதுதான் சாவி.

என்னென்ன உதவி? மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டம் 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. மீட்ட உடனே கொடுக்கவேண்டிய தொகை அப்போது 20,000 ரூபாய் வரை. பிறகு அதை 30,000 ரூபாய் வரை உயர்த்தினார்கள். இதற்கு வழக்கு முடியவேண்டும் என்ற பேச்சே இல்லை, உடனே தரவேண்டும். அதற்கு மேல், வயது வந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தப்பட்டோ பாலியல் கொடுமையிலோ சிக்கி மீண்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், திருநங்கையருக்கும் 3 லட்சம். உடனடி உதவிக்கு ஆட்சியர் மேலே கடிதம் எழுதிக் காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும் என்று திட்டமே சொல்கிறது. பணம் போக, வீட்டுமனை, வீடு, ஆடு மாடு, ரேஷன் அட்டை, ஊரக வேலை அட்டை, பிள்ளைகளுக்குப் படிப்பு, இவையும் மறுவாழ்வில் அடங்கும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கொத்தடிமையாக வைத்திருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து பாயும். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் நிவாரணம் தனி.

இதில் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொன்னால் அது பொய். அந்த 1 லட்சம், 2 லட்சம் என்கிற பெரிய தொகையை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டுவைத்தார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தால் பணமும் இழுக்கும். சட்டத்தில் சிறை மூன்று ஆண்டு என்று இருக்கிறது, சரி. அபராதம் 2,000 ரூபாய்! 1976-இல் எழுதிய தொகை. இன்றைக்கு ஒரு சூளைக்காரர் அதை ஒரு வேளை விருந்துக்குச் செலவு செய்வார். இந்த இரண்டும் மாறியே ஆகவேண்டும். அதுவரை வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பிறகு வரும் முதல் ஆறு மாதத்தைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். ஊருக்கு வந்தாயிற்று. வீடு இடிந்து கிடக்கும். ரேஷன் அட்டை இருக்காது. சாதிச் சான்றிதழ் இல்லாததால் பிள்ளையின் உதவித்தொகை நிற்கும். உள்ளூரில் வேலை கிடைக்காது. அப்போது பைக்கில் ஒருவர் வருவார். "என்ன மாமா, சௌக்கியமா? கையில செலவுக்கு இருக்கா?" என்று பத்தாயிரத்தை நீட்டுவார். அன்பாகத்தான் பேசுவார். அந்தக் கையைத் தட்டிவிடும் பலம் வெறும் வீராப்பில் வராது, வீட்டில் அரிசி இருந்தால்தான் வரும். 1984-இல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: விடுவித்தால் மட்டும் போதாது, மறுவாழ்வு கொடுக்காவிட்டால் அவர்கள் மறுபடியும் அங்கேயேதான் போய் விழுவார்கள், மறுவாழ்வு தருவது அரசின் கடமை. ஆகவே உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். மனு மேல் மனு போடுங்கள். ரேஷன் அட்டைக்கு ஒன்று, சாதிச் சான்றிதழுக்கு ஒன்று, மனைப்பட்டாவுக்கு ஒன்று. தாசில்தார் அலுவலகத்தில் உங்கள் முகம் பழகிப்போகவேண்டும்.

"எங்களுக்கு என்னங்க தெரியும், கல் அறுக்கத்தான் தெரியும்" என்று சொல்லாதீர்கள், கேட்கவே எனக்குக் கோபம் வருகிறது. கல் அறுக்கத் தெரிந்தவருக்குத்தானே சூளை! திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட தொழிலாளர்களே நடத்தும்படி 'சிறகு' என்ற பெயரில் செங்கல் சூளை ஒன்றை மாவட்ட நிர்வாகத்தின் உதவியோடு தொடங்கினார்கள். அதே மண், அதே அச்சு, அதே கை. ஆனால் கணக்கு நோட்டு அவர்களிடம். வட மாவட்டங்களில் மீட்கப்படுகிறவர்களில் ஏராளமானோர் இருளர்கள். அதே இருளர் சமூகத்தினர்தான் 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பாம்பு பிடித்து நஞ்செடுத்து, பாம்புக்கடி மருந்து தயாரிக்கக் கொடுக்கிறார்கள். 2023-இல் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ விருது வாங்கினார்கள். யாருக்கு எதுவும் தெரியாது என்கிறீர்கள்?

இன்னொரு இடமும் உங்களுக்காகக் காத்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு இருக்கவேண்டும் என்கிறது அந்த 1976 சட்டம். அதில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்து மூன்று பேரை உறுப்பினராகப் போடவேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மூன்று நாற்காலியில் ஒன்றில், சூளையில் இருந்து மீண்டு வந்த ஒரு அக்கா ஏன் உட்காரக் கூடாது? கொத்தடிமைத்தனம் எந்த மரத்தடியில், எந்தக் கொட்டகையில் ஒளிந்திருக்கிறது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அதிகாரிக்குத் தெரியும்? வாத்து மேய்க்கவும் ஆடு மேய்க்கவும் அடகுவைக்கப்பட்ட பிள்ளைகள் எந்த வரப்பில் நிற்கிறார்கள் என்று யார் கண்ணுக்கு முதலில் படும்? ஊருக்குத் திரும்பியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கமாக உட்காருங்கள். மாதம் ஒருநாள் கூடுங்கள். அடுத்த சூளையில் இருப்பவருக்கு நீங்கள்தான் தைரியம் சொல்லவேண்டும். நான் சொன்னால் எழுத்து, நீங்கள் சொன்னால் சாட்சி.

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். பயத்தோடு போய் நின்றாலும் மனு மனுதான். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. கட்டாய உழைப்பிலும் கடத்தலிலும் சிக்கியவர்களுக்கு அங்கே வழக்கறிஞர் இலவசம்; 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். பிள்ளை மாட்டிக்கொண்டிருந்தால் 1098. பெண்களுக்கு 181. அடிதடி, உயிருக்கு ஆபத்து என்றால் 112. முதலாளி "இது சாதாரணக் கடன்தான்" என்று வாதாடினால் அதை நிரூபிக்கவேண்டிய பாரம் அவர் தலையில். சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் ரசீது தேடி அலையவேண்டாம். அவர் தேடட்டும்!

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே போய்விடுங்கள். மனுவில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்த ஊர், எவ்வளவு நாளாக, வெளியே விடுகிறார்களா இல்லையா, வாரத்துக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று எழுதுங்கள். "கொத்தடிமை முறையிலிருந்து மீட்டு விடுதலைச் சான்றிதழ் வழங்கவேண்டும்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். "அடுத்த வாரம் வா" என்று யாராவது சொன்னால், சொன்னவரின் பெயரையும் பதவியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவுக்கு எண் போட்ட ரசீது ஒன்று தருவார்கள். அது கைக்கு வராமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.